வாக்களிக்கும் வயது: 16-ஆ, 18-ஆ, 21-ஆ?

ஓட்டுப் போட எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று கேட்டால், பலரும் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். காரணத்தை அப்புறம்தான் தேடுகிறார்கள். 18 என்பவர்களில் பலருக்கு, தங்கள் நாட்டுச் சட்டத்தில் அப்படி இருப்பதே காரணம். 16 என்பவர்கள் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்" என்கிறார்கள். 21 வேண்டும் என்பவர்கள் அதே பிள்ளைகளைக் காட்டி "இவர்களிடமா நாட்டை ஒப்படைப்பது?" என்கிறார்கள். விவாத மேடைக்குத் தயாராகிறவர்களும், வகுப்பில் இதைப் பேச வேண்டிய ஆசிரியர்களும், "நான் ஏன் ஓட்டுப் போடக் கூடாது?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டிய பெற்றோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு எல்லாத் தேர்தல்களுக்கும் வயதை 16 ஆக்கப் போவதாக அறிவித்த பிறகு கேள்வி இன்னும் சூடாகியிருக்கிறது.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் எழுதியிருக்கும் வயது ஒன்று. ஒருவர் உண்மையில் முதல் ஓட்டைப் போடும் வயது வேறொன்று. நாம் கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் குறைக்காமல் எண்ணை மட்டும் மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முடிவெடுக்கும் திறன். அமெரிக்க உளவியல் அறிஞர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் போன்றோரின் ஆய்வுகள் இங்கே மிகவும் உதவும். ஆற அமர யோசித்து, தகவல்களை ஒப்பிட்டு எடுக்கும் முடிவு ஒரு வகை. நண்பர்கள் சூழ்ந்திருக்க, உணர்ச்சி வேகத்தில், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எடுக்கும் முடிவு இன்னொரு வகை. முதல் வகைத் திறன் ஏறக்குறைய 16 வயதிலேயே பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது வகையில் நிதானம் வர இருபதுகள் ஆகின்றன. வாகனம் ஓட்டுவது, மது, குற்றச் செயல் எல்லாம் இரண்டாவது வகை. வாரக்கணக்கில் பிரசாரம் கேட்டு, நாள் குறித்து, தனியாக மறைப்புக்குள் நின்று போடும் ஓட்டு முதல் வகைக்கு நெருக்கமானது. அதனால் "16 வயதில் மது வாங்க விடுவதில்லையே, ஓட்டு மட்டும் எப்படி?" என்ற வாதம் கேட்கும்போது பலமாகத் தெரிந்தாலும், இரண்டு வெவ்வேறு திறன்களை ஒன்றாகக் கட்டுகிறது.

சுயேச்சை. அந்த ஓட்டு அவருடையதா, அல்லது அவர் வாயிலாக வேறு யாரோ போடுவதா?

பழக்கம். முதல் இரண்டு மூன்று தேர்தல்களில் ஓட்டுப் போட்டவர் பிறகும் போடுகிறார். ஆரம்பத்தில் விட்டவர் அப்படியே விட்டுவிடுகிறார். தேர்தல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் விஷயம் இது.

பாதிப்பு. கல்விக் கொள்கை, கடன் சுமை, காலநிலை, கட்டாய ராணுவச் சேவை ஆகியவற்றைச் சுமக்கப் போகிறவருக்கு அதில் குரல் இருக்கிறதா?

நடைமுறை. பட்டியலில் பெயர் எப்படிச் சேரும், எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள், மற்றச் சட்டங்களோடு எப்படிப் பொருந்தும்?

## எதைக் கணக்கில் எடுக்கக் கூடாது?

அரசியல் அறிவு ஒரு தகுதி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அமைச்சர்களின் பெயர் தெரியாத ஐம்பது வயதுக்காரரிடம் ஓட்டுச் சீட்டை நாம் பிடுங்குவதில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பின மக்களைப் பல பத்தாண்டுகள் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தினார்கள். அதற்கு முட்டுக்கட்டை போட 1965-ல் வாக்குரிமைச் சட்டமே தேவைப்பட்டது. அறிவைச் சோதித்து உரிமை கொடுக்கும் ஏற்பாடு யார் கையில் சிக்கினாலும் அங்கேதான் போய் நிற்கும்.

எந்தக் கட்சிக்கு லாபம் என்பதும் தகுதியான கேள்வி அல்ல. அந்தக் கணக்கு பலிப்பதும் இல்லை. ஜெர்மனியில் வயதைக் குறைக்க முன்னின்றவர்களில் பசுமைக் கட்சியினரும் உண்டு. 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே முதல்முறையாக 16, 17 வயதினர் வாக்களித்தார்கள். இளைஞர்களிடையே பசுமைக் கட்சியின் ஆதரவு முந்தைய தேர்தலைவிடக் கடுமையாகச் சரிந்தது; வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சி வளர்ந்தது. இளைஞர் ஓட்டு யாருடைய சட்டைப்பையிலும் இல்லை.

வயது வரம்பை வைத்து ஆள் எண்ணிக்கையைச் சரிக்கட்டுவது பழைய பழக்கம். பிரிட்டனில் 1918-ல் ஆண்களுக்கு 21 வயதில் ஓட்டு, போரில் பணியாற்றியவர்களுக்கு 19 வயதிலேயே. பெண்களுக்கோ 30 வயது வேண்டும், அதிலும் சொத்துத் தகுதி வேண்டும். போரில் ஆண்கள் பெருமளவில் இறந்திருந்த நேரம். பெண் வாக்காளர்கள் ஆண்களை மிஞ்சிவிடுவார்கள் என்ற அச்சம் அந்த 30-க்குப் பின்னால் இருந்தது. சமநிலை வர 1928 ஆனது.

## முதல் ஓட்டு எந்த வயதில் விழும்?

தேர்தல் ஒவ்வொருவரின் பிறந்தநாளுக்கும் வருவதில்லை. தேர்தலுக்கு முதல்நாள் தகுதி வயதை எட்டியவர் மறுநாளே ஓட்டுப் போடலாம். தேர்தலுக்கு மறுநாள் எட்டியவர் அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். கணக்கு இப்படி வருகிறது:

| சட்ட வயது | 4 ஆண்டுக்கு ஒரு தேர்தல் என்றால் முதல் ஓட்டு | 5 ஆண்டுக்கு ஒரு தேர்தல் என்றால் முதல் ஓட்டு |
|---|---|---|
| 16 | 16 முதல் 20 வரை. சராசரி 18 | 16 முதல் 21 வரை. சராசரி 18½ |
| 18 | 18 முதல் 22 வரை. சராசரி 20 | 18 முதல் 23 வரை. சராசரி 20½ |
| 21 | 21 முதல் 25 வரை. சராசரி 23 | 21 முதல் 26 வரை. சராசரி 23½ |

"16 வயதில் ஓட்டு" என்றால் எல்லாரும் 16 வயதில் ஓட்டுப் போடுகிறார்கள் என்று பயப்படுகிறவர்கள் முதல் வரிசையைப் பார்க்கட்டும். "18 வயதில் ஓட்டு ஏற்கெனவே இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இரண்டாவதைப் பார்க்கட்டும்.

பட்டியல் விதிகள் இந்த இடைவெளியை மேலும் நீட்டும். இந்தியாவில் முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். 1996 ஜனவரி 10-ல் பிறந்த ஒருவர் 2014 ஏப்ரல், மே மாதங்களில் மக்களவைத் தேர்தல் நடந்தபோது 18 வயதைத் தாண்டியிருந்தார். ஆனால் அந்த ஆண்டு ஜனவரி 1-ல் 18 நிறையவில்லை என்பதால் பட்டியலில் இடமில்லை. மக்களவைக்கு அவர் முதல் ஓட்டுப் போட்டது 2019-ல், 23 வயதில். பிறகு சட்டத்தைத் திருத்தி, 2022-லிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் வைத்தார்கள். வயது வரம்பை ஒரு நாள்கூடக் குறைக்காமல், காத்திருப்பை மட்டும் குறைத்த நல்ல சீர்திருத்தம் இது. பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை.

## 21 (அல்லது அதற்கும் மேல்)

இங்கிலாந்தின் பழைய சட்ட மரபில் 'வயது வந்தவர்' என்றால் 21. அதுவே குடியேற்ற நாடுகளுக்கும் போனது. இந்தியா 1989 வரையும் மலேசியா 2021 வரையும் 21-ல் இருந்தன. சிங்கப்பூரும் லெபனானும் இன்றும் 21-ல் இருக்கின்றன. தைவானில் 20; அதை 18 ஆக்க 2022-ல் பொது வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு ஓட்டுகள் எதிர்ப்பைவிட அதிகம் விழுந்தும், தேவையான அளவை எட்டாததால் தோற்றது.

இதற்கு ஆதரவான வாதம் சுயேச்சைதான்: படிப்பு முடித்து, சம்பாதித்து, வரி கட்டத் தொடங்கியவர் பொறுப்போடு ஓட்டுப் போடுவார். ஆனால் பாதிப்பு என்ற அளவுகோலில் இது கவிழ்ந்துவிடுகிறது. வியட்நாம் போருக்கு 18 வயதுப் பையன்களைக் கட்டாயமாக அனுப்பிய அமெரிக்காவில், "போருக்குப் போகும் வயது இருந்தால் ஓட்டுக்கும் வயது இருக்கிறது" என்ற முழக்கத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. 1971-ல் 26-வது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. சிங்கப்பூரில் இன்றும் ஆண்கள் 18 வயது வாக்கில் ராணுவச் சேவைக்குப் போகிறார்கள், ஓட்டு 21-ல்.

மறைந்திருக்கும் செலவு மேலே உள்ள அட்டவணையில் இருக்கிறது. 26 வயதை நெருங்கி முதல் ஓட்டுப் போடுகிறவருக்குப் பழக்கம் எப்போது ஒட்டும்? வரி கட்டுவதைத் தகுதியாக்கினால் இல்லத்தரசிகளும் வேலை இழந்தவர்களும் எங்கே போவது? 2023-ல் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற விவேக் ராமசாமி, வயதை 25 ஆக உயர்த்தலாம், அதற்குக் கீழே உள்ளவர்கள் ராணுவத்திலோ அவசரச் சேவையிலோ பணியாற்றினால் அல்லது குடியுரிமைத் தேர்வில் தேறினால் ஓட்டுப் போடலாம் என்றார். வயது வரம்பை உயர்த்தத் தொடங்கினால் பேச்சு எவ்வளவு சீக்கிரம் தேர்வு வைப்பதில் வந்து நிற்கிறது, பாருங்கள். 21-க்கு ஏற்ற சூழல் என்று ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

## 18

உலகின் பெரும்பாலான நாடுகள் இங்கேதான் இருக்கின்றன. இலங்கை 1959-லேயே வந்துவிட்டது. பிரிட்டன் 1969-ல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 61-வது திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஜப்பான் 2016 மேலவைத் தேர்தலில் 20-லிருந்து இறங்கியது. தென் கொரியா 2020 தேர்தலுக்கு முன் 19-லிருந்து இறங்கியது.

இதன் பெரிய பலம் ஒழுங்கு. ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை பொதுவாக 18 வயதுக்குக் கீழே உள்ளவரைக் குழந்தை என்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து, வழக்கு, சொத்து எல்லாம் பல நாடுகளில் 18-ல் தொடங்குகின்றன. உரிமையும் பொறுப்பும் ஒரே நாளில் வருவது புரிந்துகொள்ளவும் விளக்கவும் எளிது.

பலவீனம் என்னவென்றால், மனித வாழ்க்கையில் மிகவும் அலைச்சலான வயது இது. பள்ளி முடிந்து வேறு ஊரில் கல்லூரி, விடுதி, முதல் வேலை, வாடகை அறை. பெயர் ஒரு முகவரியில், ஆள் இன்னொரு முகவரியில். டென்மார்க்கில் வாக்காளர் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், அப்போதுதான் 18 ஆனவர்கள் அவர்களைவிடச் சற்று மூத்தவர்களைக் காட்டிலும் அதிகமாக ஓட்டுப் போட்டது தெரிந்தது. வயது ஏற ஏற அக்கறை கூடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் வீட்டை விட்டுப் போன பிறகு ஓட்டுப் போடுவது குறைந்தது. வயதை 21-லிருந்து 18-க்குக் குறைத்தது பல நாடுகளில் வாக்குப்பதிவு சரிந்ததற்கு ஒரு காரணம் என்று தேர்தல் ஆய்வாளர் மார்க் ஃபிராங்ளின் வாதிட்டதும் இதனால்தான்: முதல் தேர்தல், பழக்கம் ஒட்டவே முடியாத நேரத்தில் வந்து விழுகிறது. இந்த வாதத்தை 16 கேட்பவர்களும் 21 கேட்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது: 18 வேண்டும் என்றால், முகவரி மாற்றத்தையும் பெயர் சேர்ப்பதையும் அரசே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலேசியா இதைச் சரியாகப் பிடித்தது. 2019-ல் நிறைவேறி 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரண்டு வேலைகளைச் செய்தது: வயதை 18 ஆக்கியது, பட்டியலில் பெயர் தானாகச் சேரும்படியும் செய்தது. 2018-ல் சுமார் 1.49 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022 பொதுத் தேர்தலில் 2.1 கோடியைத் தாண்டியது. அப்படிப் புதிதாக வந்தவர்களில் பெரும்பகுதியினர் 18 முதல் 20 வயதினர் அல்ல. 21-ஐத் தாண்டியும் பதிவு செய்யாமல் வெளியே நின்றிருந்தவர்கள்.

## 16

பிரேசில் 1988 அரசியலமைப்பிலேயே இதைக் கொண்டுவந்தது. ஆஸ்திரியா 2007-ல் சட்டம் இயற்றி, 2008 நாடாளுமன்றத் தேர்தலில் 16 வயதினரை அனுமதித்தது. மால்டா 2018-ல் சேர்ந்தது.

பழக்கம் என்ற அளவுகோலில் இதற்குத்தான் என் முதல் மதிப்பெண். 16, 17 வயதில் பெரும்பாலானோர் வீட்டில் இருக்கிறார்கள், பள்ளியில் இருக்கிறார்கள், ஒரே முகவரியில் இருக்கிறார்கள். 2014 ஸ்காட்லாந்து சுதந்திர வாக்கெடுப்புக்குப் பின் தேர்தல் ஆணையம் எடுத்த கருத்தாய்வில், 16–17 வயதினரில் 75 சதவீதத்தினர் வாக்களித்ததாகச் சொன்னார்கள்; 18–24 வயதினரில் 54 சதவீதத்தினர்தான். அவரவர் சொன்னதை வைத்து வந்த எண்கள் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்; இருந்தாலும் இடைவெளி பெரிது. 16-ல் தொடங்கியவர்கள் இருபதுகளிலும் தொடர்ந்து அதிகமாக வாக்களித்ததைப் பிந்தைய ஸ்காட்லாந்து ஆய்வு காட்டியது. ஆஸ்திரியாவில் ஆராய்ந்தவர்கள், 16, 17 வயதினர் தங்கள் கருத்துக்குப் பொருந்தும் கட்சியைத் தேர்ந்தெடுப்பதில் பெரியவர்களைவிடக் குறைந்து போகவில்லை என்று கண்டார்கள். ஆஸ்திரியா அதே காலத்தில் பள்ளியில் அரசியல் கல்வியையும் பலப்படுத்தியது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"அப்பா சொல்வதற்குத்தானே போடுவான்?" என்ற கேள்விக்கு வருவோம். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டபோதும் "கணவனுக்கு இரண்டு ஓட்டு கிடைக்கும், அவ்வளவுதான்" என்றார்கள். ரகசிய வாக்கெடுப்பு இருப்பதே அதற்காகத்தான். ஆனால் இந்தப் பதில் ரகசியம் உண்மையில் காக்கப்படும் இடத்தில் மட்டுமே செல்லும். தபால் ஓட்டை வீட்டுக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் நிரப்பும் ஏற்பாடு இருந்தால், வீட்டைச் சார்ந்து வாழும் 16 வயதினருக்கு அது நிஜமான சிக்கல்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே அதிகம். வாக்காளர் பட்டியல் பொதுவெளிக்குப் போகும் நாட்டில், சிறாரின் பெயரும் முகவரியும் அதோடு போகும். 16-ல் ஓட்டு என்றால் 14, 15 வயதிலேயே பெயர் எழுத வேண்டியிருக்கும். ஸ்காட்லாந்து 16-க்குக் கீழே உள்ளவர்களின் விவரம் பொதுப் பட்டியலில் வராதபடி சட்டத்திலேயே தடுப்புப் போட்டது. கட்சிகள் பள்ளி வாசலுக்கு வரும். ஆசிரியர் வகுப்பில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற விதி வேண்டும். சிறாரைக் குறிவைக்கும் இணைய அரசியல் விளம்பரங்களுக்கு வரம்பு வேண்டும். இன்னொன்று எனக்கு உண்மையாகவே கவலை தருவது: "ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டதே, தண்டனையும் பெரியவர்களுக்குப் போலவே கொடுங்கள்" என்று ஒரு குரல் எழும். ஆஸ்திரியாவில் ஓட்டு 16, சட்டப்படி வயது வருவது 18. இரண்டையும் பிரித்து வைக்க முடியும். அந்தப் பிரிவைச் சட்டத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

எல்லாரும் இதை வரவேற்றதும் இல்லை. லக்சம்பர்க்கில் 2015-ல் மக்களிடமே கேட்டார்கள். சுமார் 80 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். நியூசிலாந்தில் 2022-ல் உச்ச நீதிமன்றம் 18 என்ற வரம்பு உரிமைச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று அறிவித்தும் சட்டம் மாறவில்லை.

## 16, ஆனால் பாதி வழி

இதில் இரண்டு வகை. ஒன்று, உள்ளாட்சி அல்லது மாநில அளவில் 16, நாடாளுமன்றத்துக்கு 18. இன்னொன்று பிரேசில், அர்ஜென்டினா, ஈக்வடார் வழி: 18-ஐத் தாண்டியவர்களில் (முதியோர் போன்ற சிலரைத் தவிர) மற்றவர்களுக்கு ஓட்டு கட்டாயம், 16, 17 வயதினருக்கு விருப்பம்.

உள்ளாட்சியில் தொடங்குவது நல்ல ஒத்திகை. ஜெர்மனியின் லோயர் சாக்சனி 1990-களிலேயே தொடங்கியது. மால்டா முதலில் உள்ளாட்சி, பிறகு நாடு என்று படிப்படியாகப் போனது. நார்வே 2011-ல் 20 நகராட்சிகளில் சோதித்துப் பார்த்தது. 16, 17 வயதினர் இருபதை ஒட்டியவர்களைவிட அதிகமாக வந்தார்கள். ஆனாலும் நாடு முழுக்க விரிக்கவில்லை.

பாதியில் நின்றுவிட்டால் வரும் விசித்திரத்தைப் பாருங்கள். 2014 செப்டம்பர் 1-ல் 16 வயதான ஒரு ஸ்காட்லாந்துப் பெண். செப்டம்பர் 18-ல் தன் நாடு தனியாகப் போக வேண்டுமா என்று வாக்களித்தாள். 2016 மே மாதம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கலாம். அடுத்த மாதம், ஜூன் 23-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போவதா என்ற வாக்கெடுப்பில் அவளுக்கு இடமில்லை, ஏனென்றால் 18 ஆக இன்னும் இரண்டு மாதம் சொச்சம் இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு வாக்காளராக இருந்தவளுக்கு இதை எப்படி விளக்குவது? ஒரே நாளில் இரண்டு தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி அலுவலரும் தடுமாறுவார்: இவருக்கு இந்தச் சீட்டு உண்டு, அந்தச் சீட்டு இல்லை.

விருப்ப ஓட்டில் வேறு சிக்கல். யாருக்கு வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இருக்கிறதோ அவர்கள்தான் முதலில் பதிவு செய்வார்கள். பிரேசிலில் 2022 தேர்தலுக்கு முன் பெரிய பிரசாரம் நடந்து, இந்த வயதினரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். அப்படி யாரும் தட்டி எழுப்பாத ஆண்டில் அந்தக் கூட்டம் வராது. பெல்ஜியம் 2024 ஐரோப்பியத் தேர்தலுக்கு, 16, 17 வயதினர் தாங்களே பதிவு செய்தால்தான் ஓட்டு என்று வைக்கப் பார்த்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வேறுபாட்டை ஏற்கவில்லை.

## 17-ம், 16-க்குக் கீழும்

இந்தோனேசியாவில் 17, திருமணம் ஆகிவிட்டால் அதற்கு முன்பும். கிரேக்கத்திலும் 17. பள்ளி முடியும் ஆண்டோடு தேர்தலை ஒட்டவைக்க இது உதவலாம். மற்றபடி 16-க்கும் 18-க்கும் இடையே சமரசம், அவ்வளவே. 16-க்குக் கீழே போனால், ஆற அமர யோசிக்கும் திறன் பற்றிய சான்றே நமக்கு ஆதரவாக இல்லை. பிள்ளைகளின் ஓட்டைப் பெற்றோர் போடலாம் என்று மக்கள்தொகை அறிஞர் பால் டெமெனி 1986-ல் சொன்ன யோசனை, பிள்ளைக்குக் குரல் தருவதாகத் தொடங்கி பெற்றோருக்குக் கூடுதல் ஓட்டில் முடிகிறது.

## எந்தச் சூழலுக்கு எது?

உங்கள் நாட்டில் பெயர் சேர்க்க அலைய வேண்டியிருக்கிறது, வயது 18-ஐத் தாண்டியவர்களே லட்சக்கணக்கில் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்றால், 16-க்கான போராட்டத்தை இரண்டாவதாக வையுங்கள். 18-ஐ வைத்துக்கொண்டு தானியங்கிப் பதிவையும் அடிக்கடி வரும் தகுதி நாட்களையும் கேளுங்கள். அதற்கு எதிர்ப்பும் குறைவு. பலன் எல்லா வயதினருக்கும் போகும்.

பதிவு தானாக நடக்கிறது, 16 வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளியில்தான் இருக்கிறார்கள், வாக்கின் ரகசியத்தில் யாருக்கும் சந்தேகமில்லை என்றால், 16-க்குப் போக நான் தயங்கமாட்டேன். முதலில் உள்ளாட்சி, ஒரு சுற்று முடிந்ததும் நாடாளுமன்றம் என்று காலவரையறையைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஸ்காட்லாந்துப் பெண்ணின் நிலைதான்.

பிள்ளைகளில் பாதிப்பேர் 16-க்குள் பள்ளியை விட்டுவிடும் நாட்டில் கணக்கு மாறும். அங்கே 16-ன் பெரிய ஆதாயமான பள்ளி, பாதிப்பேருக்கு இல்லை. ஓட்டு கொடுத்தாலும் அது படிக்கும் பிள்ளைகளின் கைக்குத்தான் முதலில் போகும். விவாதத்தில் 16-க்காகப் பேசுகிறவர் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். 18-க்காகப் பேசுகிறவர், 23-ஐ நெருங்கி முதல் ஓட்டுப் போடுகிறவரைப் பற்றிய கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.